பழைய புடவைக்கு ஒரு பதிவேடு: சிறு துணிக் காப்பகம் அமைப்பது எப்படி

காஞ்சிபுரத்தில் ‘பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்’ என்ற போர்டு இல்லாத கடைத்தெரு அபூர்வம். கிழிந்திருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது புடவை அல்ல, ஜரிகையில் இருக்கும் வெள்ளி. அந்தக் காலத்து அசல் ஜரிகைக்கு நல்ல விலை கிடைப்பதால், பாட்டி காலமான வருஷத்துக்குள் அவர் பெட்டி காலியாகிவிடும். துணிக் காப்பகம் தொடங்க நினைக்கிறவர்கள் பெரிய மியூசியங்களை நினைத்து மிரள வேண்டாம். நமக்குப் போட்டி அந்த எடைத்தராசுதான்.

நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா பிள்ளையார்பாளையத்தில் கிராப் தாளில் புடவைக்கு டிசைன் போட்டுக் கொடுத்தவர். இப்போது வீட்டு மாடியில் புடவை, ரவிக்கை, வேட்டி, சாம்பிள் துண்டு, டிசைன் தாள், கடை பில் என்று முந்நூற்றுச் சொச்சம் பொருள்களை நானும் தம்பி மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது, “எந்த பீரோ வாங்கணும் அக்கா?” பீரோவை அப்புறம் பார்க்கலாம். முதலில் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். யார் கட்டினார்கள், எப்போது, எதற்கு என்று தெரியாத புடவையை நம்மால் மடித்து வைக்க முடியுமே தவிர, அதை வைத்து யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது.

எதைச் சேர்ப்பது

1949ல் சாராபாய் குடும்பத்தார் அகமதாபாத்தில் தொடங்கிய காலிகோ அருங்காட்சியகம் இந்தியா முழுவதன் துணிகளையும் சேர்த்தது. ஆலை முதலாளிகளுக்கு அது முடிந்தது, நமக்கு முடியாது. ஒரு ஊர், ஒரு குடும்பம், ஒரு ரகம், ஒரு தையற்கடை என்று எல்லை கட்டிக்கொள்ளுங்கள். சின்னாளப்பட்டிச் சுங்குடி மட்டும், செட்டிநாட்டுக் கண்டாங்கி மட்டும், நம் தெருவில் நெய்தது மட்டும். எங்கள் எல்லை: காஞ்சிபுரத்தில் நெய்தது அல்லது காஞ்சிபுரத்துக்காரர்கள் உடுத்தியது. இதை ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டோம். யாராவது பனாரஸ் புடவையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அந்தத் தாளைக் காட்டிவிடலாம், மனத்தாங்கல் வராது.

எல்லைக்குள் வருவதில் ஆட்கள் தாங்களாகக் கொண்டு வருவது கல்யாணப் பட்டு மட்டுமே. மற்றதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். முக்கியமாக ரவிக்கை. புடவையின் கரையும் முந்தியும் முப்பது வருஷம் மாறாமல் ஓடும். ஆனால் ரவிக்கையின் கை நீளம், கழுத்து வெட்டு, கொக்கி முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் ஐந்தாறு வருஷத்தில் மாறிவிடும். ஃபேஷன் வரலாறு என்று பார்த்தால் ரவிக்கையில்தான் அதிகம் இருக்கிறது. “அதைப் போய் எதுக்குக் கேக்கறீங்க, அக்குளெல்லாம் வெளுத்துக் கிடக்கு” என்பார்கள். வெளுத்ததோடு வாங்கிக்கொள்ளுங்கள். தையற்காரரின் அளவு நோட்டு கிடைத்தால் இரண்டு புடவையை விட்டுக்கொடுத்தாவது வாங்கலாம். தறி நிறுத்திய வீடுகளில் ஜக்கார்டு அட்டை (டிசைனுக்கேற்பத் துளை போட்ட தறி அட்டை), பழைய அச்சு, டிசைன் தாள், கூலி நோட்டு எல்லாம் பரணில் கிடக்கும். வீடு இடிக்கும்போதுதான் அவை வெளியே வரும், அன்றைக்கே குப்பைக்கும் போகும்.

வாங்கும்போதே ஒரு ஒப்படைப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அரைப் பக்கம் போதும்: கொடுப்பது நன்கொடையா, பார்வைக்கு இரவலா, படம் எடுத்து வெளியிடலாமா, காப்பகம் மூடப்பட்டால் பொருள் யாருக்குப் போக வேண்டும். அம்மா புடவை என்றால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோருக்கும் பங்குண்டு. மூத்த மருமகள் கொடுத்துவிட்டுப் போவார், மறுமாதம் நாத்தனார் வந்து நிற்பார். எல்லோரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எல்லோர் கையெழுத்தையும் வாங்கிவிடுவது நல்லது. இரவல் என்றால் தேதி போடாமல் வாங்கவே வாங்காதீர்கள். இன்னொன்று, நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ‘கண்காட்சிக்கு வெளிநாடு அனுப்பித் தருகிறேன்’ என்று யாராவது நெருங்கினால் எச்சரிக்கையாக இருங்கள்.

எண்ணும் பதிவும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். 2021.7.3 என்றால் 2021ம் வருஷம், ஏழாவதாகக் கொடுத்தவர், அவர் கொடுத்ததில் மூன்றாவது பொருள். இது நூலகத்தில் புத்தகத்துக்குப் போடும் வரிசை எண் மாதிரிதான். பட்டு என்றால் ப, நூல் என்றால் நூ, சிவப்பு என்றால் சி என்று எண்ணிலேயே எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்காதீர்கள். பிறகு அது பட்டும் நூலும் கலந்தது என்று தெரிந்தால் எண்ணை மாற்ற நேரும், மாற்றிய எண் குழப்பத்தில்தான் முடியும்.

எண்ணைத் துணியில் எழுதவே கூடாது. வெள்ளைப் பருத்தி நாடாவில் அழியாத மை பேனாவால் எழுதி, காய்ந்ததும் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மை கசியாவிட்டால், புடவையில் முந்திக்கு எதிர்முனையில், இடுப்பில் செருகும் பக்கத்தில், மெல்லிய ஊசியால் நான்கு தளர்ந்த தையல் போட்டுப் பிடியுங்கள். ஊசி இழைகளுக்கு நடுவே போக வேண்டும், இழையைக் குத்தக் கூடாது. ஜரிகையில் தைக்காதீர்கள். எல்லாப் புடவையிலும் ஒரே இடத்தில் இருந்தால் தேடும்போது முழுதாகப் பிரிக்க வேண்டியிருக்காது.

பதிவேட்டில் என்ன எழுதுவது என்பதற்கு எனக்குக் கிடைத்த நல்ல மாதிரி ஒரு வெள்ளைக்காரருடையது. ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் 1866ல் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை 18 தொகுதிகளாக ஒட்டி வெளியிட்டார். இங்கே விற்பதற்கு எப்படித் துணி நெய்ய வேண்டும் என்று இங்கிலாந்து ஆலைக்காரர்கள் தெரிந்துகொள்ளத்தான் அந்த வேலை. நோக்கம் போகட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர், விலை என்று குறித்து வைத்த ஒழுங்கை நாமும் எடுத்துக்கொள்ளலாம். துணியை வெட்டித் துண்டாக்கிய பழக்கம் மட்டும் வேண்டாம். ‘முழுசா வைக்க இடமில்லை, முந்தியை மட்டும் வெட்டி வைக்கலாமா’ என்று இன்றும் கேட்கிறார்கள். கூடாது.

வாட்சனிடம் இல்லாத ஒரு பத்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொடுத்தவர் சொன்னது. அதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். “இதுவா? ரெண்டாவது பொண்ணு சீமந்தத்துக்கு எடுத்தது. அப்ப மாமா தறியிலேயே நெய்யச் சொல்லி அரக்குல பச்சைக் கரை போட்டுக் குடுத்தாங்க.” இந்த இரண்டு வரியில் நெய்தது யார், எந்த நிகழ்ச்சி, என்ன நிறம் எல்லாம் வந்துவிடுகிறது. அப்போது வயிற்றில் இருந்த குழந்தை பிறந்த வருஷத்தைக் கேட்டால் புடவையின் வருஷமும் கிடைத்துவிடும். ‘எந்த வருஷம் வாங்கினீர்கள்’ என்று நேராகக் கேட்டால் யாருக்கும் ஞாபகம் வராது. யார் கல்யாணம், எந்தக் குழந்தை வயிற்றில், எந்த வீட்டில் இருந்தபோது என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யலாம், அனுமதி கேட்டுவிட்டு.

பில் பேசும்

புடவையோடு கடை பில்லோ அட்டைப்பெட்டியோ துணிப்பையோ வந்தால் கொண்டாட வேண்டும். நாள் கிழிந்துபோயிருந்தாலும் பில்லைக் கொண்டு காலத்தைக் கணிக்கலாம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். ‘ந.பை.’ என்று நயா பைசா இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. ‘மதராஸ் ஸ்டேட்’ என்று அச்சிட்டிருந்தால் 1969க்கு முன்னால் அடித்த பில் புத்தகம். ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. ‘மெட்ராஸ்’ போய்ச் ‘சென்னை’ வந்தது 1996ல். ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்றிருந்தால் 1997 அல்லது அதற்குப் பிறகு, ஏனென்றால் அதற்கு முன்னால் நாங்கள் செங்கல்பட்டு மாவட்டம். சில்க் மார்க் சீட்டு இருந்தால் 2004க்குப் பிறகு, ₹ குறி அச்சில் இருந்தால் 2010க்குப் பிறகு, ஜி.எஸ்.டி. எண் இருந்தால் 2017 ஜூலைக்குப் பிறகு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புது அடையாளம் இருந்தால் பில் அந்த வருஷத்துக்குப் பிந்தையது என்று நம்பலாம். பழைய அடையாளம் இருந்தால் முந்தையது என்று அடித்துச் சொல்ல முடியாது. கடைக்காரர்கள் பழைய பில் புத்தகம் தீரும்வரை அதையே ஓட்டுவார்கள், பின்கோடு வந்த பிறகும் பல வருஷம் ‘மெட்ராஸ்-17’ என்றே போட்டார்கள். அதனால் பதிவேட்டில் ‘1972க்குப் பின், 1996க்கு முன் இருக்கலாம்’ என்று எழுதி, எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

புடவையைப் படிப்பது

மேஜையில் துவைத்த வெள்ளைத் துணி விரியுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள், தாலிச் சங்கிலியை உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். குனியும்போது அதுதான் முதலில் இழையில் மாட்டும். ஜரிகையைத் தொடுவதாக இருந்தால் கையுறை, ஏனென்றால் வியர்வை உப்பு வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

பச்சைக் கரை போட்ட ஓர் ஒன்பது கஜ அரக்குப் புடவையை எடுத்துக்கொள்வோம். முதலில் நீளம், அகலம், எடை. பிறகு பின்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் இடத்தைப் பாருங்கள். சிவப்பு ஊடையும் (குறுக்கே ஓடும் இழை) பச்சை ஊடையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு பல் பல்லாக நின்றால் அது கோர்வை. கரைக்குத் தனித் தார் (ஊடை நூல் சுற்றிய குழல்) போட்டு, பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நெய்தது. முந்தி தொடங்கும் இடத்தில் விரலை ஓட்டினால் மெல்லிய வரம்பு ஒன்று தட்டுப்படும். அது பேட்னி, அதாவது உடலின் பாவும் (நீளவாட்டில் ஓடும் இழை) முந்தியின் பாவும் இழை இழையாகப் பிணைந்த இடம். கரையில் அறுந்து தொங்கும் ஜரிகை நுனி இருந்தால் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உள்ளே சிவப்புப் பட்டிழை, மேலே வெள்ளித் தகடு, அதன் மேல் தங்கப் பூச்சு என்று தெரிந்தால் நல்ல ஜரிகை. இதற்காகப் புது இழையைச் சுரண்டிவிடாதீர்கள். கரையின் வேலைப்பாட்டுக்கு ஊர்ப்பெயரே எழுதுங்கள்: மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, ரெட்டைப்பேட்டு. ‘பூ டிசைன்’ என்று எழுதினால் நெசவாளி வந்து தேடும்போது ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் கறை. ஒரு மூலையில் மட்டும் விரலகலத்துக்கு மஞ்சள் இருந்தால் சமையல் கறை என்று துடைக்கக் கிளம்பாதீர்கள். புதுத்துணி உடுத்தும்முன் மூலையில் மஞ்சள் தடவுவது நம் வழக்கம். அந்தப் பொட்டு புடவையின் முதல் நாளைக் காட்டுகிறது. அதுபோல வேட்டி ஓரத்தில் வண்ணார் போட்ட குறி, பிற்பாடு தைத்த ஃபால்ஸ், கொசுவம் தேய்ந்த இடம், குழந்தைக்குத் தூளி கட்டியதால் இழை விலகிய பகுதி எல்லாம் சாட்சியங்கள். படமெடுங்கள், எழுதுங்கள், அப்படியே விடுங்கள். எடுக்க வேண்டியது துருப்பிடிக்கும் ஊக்கும் குண்டூசியும் மட்டுமே. துவைக்க வேண்டாம், டிரை கிளீனிங் வேண்டாம், ஜரிகைக்கு எலுமிச்சையும் பல்பொடியும் வேண்டவே வேண்டாம். தூசு இருந்தால் வாக்குவம் கிளீனரின் வாயில் கொசுவலைத் துணி கட்டி, இழுப்பைக் குறைத்து, துணியைத் தொடாமல் மேலாக ஓட்டினால் போதும். பழைய கறுப்பு நிறத்தைத் தனியாகக் கவனியுங்கள். இரும்பு சேர்த்துச் சாயமேற்றிய கறுப்பு இழைகள் தாமாகவே மக்கி உதிரும். சுற்றிலும் சிவப்பு திடமாக இருக்க, கறுப்புக் கட்டம் மட்டும் பொடியாகி ஓட்டை விழுந்த துணிகள் எங்களிடமே உண்டு. இப்படிப்பட்டதை மடிக்கக் கூடாது, அடிக்கடி எடுக்கவும் கூடாது.

வைக்கும் முறை

சரி, இப்போது பீரோ. மரத்தைவிட இரும்பு மேல், மரத்திலிருந்து அமில ஆவி வரும். வீட்டில் இருக்கும் சாதாரண இரும்பு பீரோ போதும். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து அரையடியாவது உயர்த்தி வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

துணிக்கடைகள் தூக்கியெறியும் அட்டை உருளைகளைக் கேட்டு வாங்குங்கள். விட்டம் மூன்று நான்கு அங்குலம் இருக்கட்டும். அட்டையின் அமிலம் ஏறாமல் அலுமினியத் தாள் சுற்றி, அதன் மேல் காடா துணி சுற்றுங்கள். காடாவைக் கஞ்சி முழுவதும் போகும்வரை வெந்நீரில் பலமுறை துவைத்திருக்க வேண்டும், நீலம், வாசனைத் திரவம் எதுவும் கூடாது. புடவையை நல்ல பக்கம் வெளியே இருக்கச் சுருக்கமில்லாமல் சுற்றி, மேலே இன்னொரு காடா போர்த்து, அகல நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். ரப்பர் பேண்ட் அறைக்குள்ளேயே வரக் கூடாது, அதிலிருக்கும் கந்தகம் ஜரிகையைக் கறுக்கவைக்கும். பி.வி.சி. குழாய், கடைக்காரர் தரும் கண்ணாடிக் கவர், செய்தித்தாள் மூன்றும் ஆகாது. உருட்ட இடமில்லையென்றால் மடிக்கலாம். ஆனால் மடிப்புக்குள் காடா துணிச் சுருள் வைத்து மடிப்பு கூர்மையாகாமல் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு இடத்தில் மடியுங்கள், இல்லாவிட்டால் ஜரிகை அந்தக் கோட்டிலேயே முறியும். ரவிக்கைகளைத் தொங்கவிடாமல் படுக்கவைத்து, கைக்குள் கொஞ்சம் துணி திணியுங்கள்.

கஞ்சி போட்ட பருத்தியை உள்ளே வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பட்டுக்கும் கம்பளிக்கும் எதிரி அந்துப்பூச்சியும் அதன் உறவுகளும். அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி உங்கள் நுரையீரலுக்கும் கெடுதி, பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டையோடு கற்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உண்டு. நாங்கள் வசம்பு மட்டும் முடிந்து, துணியில் படாமல் பீரோ மூலையில் வைக்கிறோம். அதை நம்பிச் சும்மா இருப்பதில்லை. ஒட்டுப்பொறி அட்டையை மூலையில் வைத்து மாதாமாதம் என்ன விழுந்திருக்கிறது என்று பார்க்கிறோம்.

புதிதாக வரும் எதையும் நேரே உள்ளே விடாதீர்கள். பாலித்தீன் பையில் காற்றுப் போகாமல் ஒட்டி, டீப் ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் துணியில் வேர்த்துவிடும். கல், பாசிமணி, கெட்டியான வண்ணப்பூச்சு உள்ளவற்றுக்கு இந்த வழி வேண்டாம். தனி அறையில் வைத்துச் சில வாரம் கவனித்தால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டும். 65க்கு மேல் தொடர்ந்து இருந்தாலே பூஞ்சை வரும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி பீரோவுக்குள் வையுங்கள், வெளியே வைத்தால் பயனில்லை. பகலில் ஏ.சி. போட்டு இரவில் அணைப்பதைவிடப் போடாமலே இருப்பது நல்லது, ஏற்ற இறக்கம்தான் இழையைத் தளர்த்தும். காசை ஏ.சி.யில் போடுவதற்குப் பதில் மழைக்காலத்துக்குக் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையர் ஒன்று வாங்கலாம். பூஞ்சை வந்துவிட்டால் முகக்கவசம் போட்டு, மொட்டைமாடி நிழலில், காய்ந்தபின் மெல்லிய பிரஷால் தட்டுங்கள். அறைக்குள் தட்டினால் எல்லாப் புடவைக்கும் பரவும்.

படமும் கணினியும்

ஒரு பொருளுக்கு ஆறு படம்: முழுத்தோற்றம், முந்தி, கரை, உடல், பின்பக்கம், சேதம். பக்கத்தில் அளவுகோலும் எண் சீட்டும். படக் கோப்பின் பெயர் அந்த எண்ணாகவே இருக்கட்டும். ஆயிரம் பொருள் வரை எக்செல் போதும், மென்பொருள் தேடி அலைய வேண்டாம். ஒரு பிரதி கணினியில், ஒன்று ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருப்பவரிடம். நோட்டு மட்டும் எப்போதும் கையால் எழுதியதாக இருக்கட்டும்.

காட்டுவது

பூட்டியே வைத்தால் எதற்குக் காப்பகம்? வாரத்தில் ஒருநாள் திறந்து வைக்கிறோம். பென்சில் மட்டும் அனுமதி, காபி கீழே. காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், ஜன்னல் வெயில் கூடவே கூடாது. மூன்று மாதத்தில் எடுத்து இருட்டில் வைத்துவிடுங்கள். போன நிறம் ஓய்வு கொடுத்தாலும் திரும்பாது. இடுப்பில் கட்டி மாடலாக நின்று படம் எடுக்கக் கேட்பார்கள், விடாதீர்கள். நெசவாளிகள் வந்து பழைய கரையைப் பார்த்து வரைந்துகொள்வதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. அவர்கள் தாத்தா போட்ட கரைக்கு நாம் எப்படிக் காசு கேட்பது?

கட்டாயம் வரும் ஒரு கோரிக்கைக்கு இப்போதே பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். “பாட்டி புடவையை என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள் கட்டிக்கிட்டுத் தரேன்.” பேத்தி கேட்கும்போது முடியாது என்று சொல்வது எளிதல்ல. நாங்கள் புடவையை மேஜையில் விரித்துக் காட்டி, கூட உட்கார்ந்து படமெடுக்க விடுகிறோம். கரைக்கான கிராப் தாளையும் நிறக் குறிப்பையும் பிரதி எடுத்துக் கொடுத்து, கோர்வை நெய்கிற இரண்டு மூன்று வீடுகளைச் சொல்லி அனுப்புகிறோம். தறியில் ஏற்றி இறக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் முகூர்த்தத்துக்கு வெகு முன்பே வரச் சொல்லுங்கள். நெய்து வாங்கினால் அந்தப் புதுப் புடவையின் பில் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, பாட்டி புடவையின் எண்ணுக்கு நேரே ஒட்டிவிடுங்கள்.